கூடத்துக்கு ஒரு மஞ்சள் நாற்காலி

பேருந்துப் பணிமனையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். இரு பக்கமும் வண்டிகள் அடைத்து நிற்கிற சந்துக்குள் பேருந்தை விட்டு, பக்கக் கண்ணாடியைக்கூட மடக்காமல் மறுமுனையில் கொண்டுபோய் நிறுத்துவார். “ஒரு மில்லிமீட்டர் இருந்தா போதும்பா நமக்கு” என்று எப்போதோ பெருமையாகச் சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே பாதிப் பேர் கையை விரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் வீட்டுக் கூடத்திலேயே, சோபா இருக்கிறது என்று நினைத்து வெறும் காற்றில் உட்கார்ந்தார்.

அவர் மனைவி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தடால் என்று ஒரு சத்தம், பின்னாலேயே டீப்பாய்க் கண்ணாடி அதிர்கிற சத்தம். கையில் துணியோடு ஓடி வந்து பார்த்தால், மனிதர் சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் தரையில் கிடக்கிறார். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. தரையில உக்காரலாம்னு தோணிச்சு, உக்காந்தேன்.”

“தரையில உக்கார்றவரு இப்படித்தான் வீடே அதிர உக்காருவாரா?”

“வயசாகுதுல்ல. மெதுவா உக்கார முடியல.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து முழங்கையைத் துடைத்தாள். கேட்டால் அவர் இன்னொரு பொய் சொல்வார். அதையும் நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களாக அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இதுதான் வேலையாக இருந்தது.

ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற மருத்துவப் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஓரங்களில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் காட்டினார்கள். தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அவர் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, “எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டாராம். ஆரம்பித்துப் பாதி முடிந்திருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துவிட்டது என்றார் மருத்துவர். நடுப்பார்வை பளிச்சென்று இருக்கும், பத்திரிகை படிக்கலாம். ஆனால் சுற்றிலும் உலகம் போய்க்கொண்டே இருக்கும். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. மிச்சம் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டதற்கு, மருத்துவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். அவ்வளவுதான் பதில்.

மறுநாளே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். பணிமனையில் விசாரணை அறையில் ஓர் இடம் இருக்கிறது, தொலைபேசியில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும் என்று மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். “பஸ்ஸை ஓட்டினவன், பஸ் எப்ப வரும்னு சொல்றதுக்கு உக்காரணுமா?” என்று கேட்டுவிட்டு, நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் வானொலியும் அவரும்தான்.

விழுந்த அன்றைக்கு மறுநாள், அவள் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாகக் கண் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே பார்வை குறைந்தவர்களுக்கு நடக்க, சமைக்க, வீட்டை ஒழுங்கு பண்ணச் சொல்லிக்கொடுக்கிற பிரிவு ஒன்று உண்டு. அதன் பயிற்சியாளர் நறுக்கென்று பேசுகிற பெண். அவள் கைபேசியில் எடுத்துப் போயிருந்த கூடத்துப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“பழுப்புத் தரை, பழுப்பு சோபா, பழுப்புத் திரை, பின்னால அலமாரியும் பழுப்பு. எனக்கே சோபா எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலையேம்மா.”

அவளுக்குச் சுருக்கென்றது. சலவைக்கடைக் கவுண்டரில் நாள் முழுக்க மற்றவர்களுடைய துணிகளின் நிறத்தோடு பழகுகிறவள் அவள். எந்தச் சாயம் எதோடு சேரும் என்று பார்த்துப் பார்த்து, வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த கூடம். வருகிறவர்கள் எல்லாம் ‘சின்ன இடம்னாலும் கண்ணுக்கு இதமா இருக்கு’ என்பார்கள்.

“முதல்ல அந்தக் கண்ணாடி டீப்பாயை வெளியேத்துங்க. அது கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கே எதிரி. அப்புறம் ஹால்ல ஒரு பொருளாவது தனியாத் தெரியணும். அறைக்குள்ள வந்ததும் அவர் கண்ணு அதுல போய் மாட்டணும், அதை வச்சு மத்ததை எல்லாம் கணக்குப் போட்டுக்குவார். நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்குங்க. கை இருக்கணும். கனமா, நகராம இருக்கணும். கால் வெளிப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, தடுக்கும். தோல்ல கிடைச்சா ரொம்ப நல்லது. தொட்டாலே தெரியும், வாசனையும் இருக்கும்.”

வாசனை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அவர் வானொலியை அணைத்தார்.

“எனக்கு எதுக்கு நாற்காலி?”

“உக்காரத்தான்.”

“இருக்கிற இடம் உள்ளங்கை அகலம். இதுல ஒரு மூலையில சிம்மாசனம் போட்டு என்னை உக்கார வச்சுட்டு, வர்றவங்க போறவங்க எல்லாம் ‘பாவம், இங்கதான் உக்காந்திருப்பாரு’ன்னு பாத்துட்டுப் போகணும். அதானே?”

“நேத்து விழுந்தீங்களே.”

“உக்காந்தேன்னு சொன்னேன்.”

“சரி, உக்காந்தீங்க. இனிமே நாற்காலியில உக்காருங்க.”

கீழ்த் தளத்தில் குடியிருந்த அவருடைய அக்கா, சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தாள். தம்பி வீட்டுக் கதவு அவளுக்கு எப்போதும் திறந்த கதவுதான். விவரம் கேட்டுக்கொண்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“கண்ணு போற வீட்டுல எதுக்கு அலங்காரம்? இருக்கிற சோபாவுக்கு என்ன குறைச்சல்?”

“அண்ணி, அலங்காரத்துக்கு இல்ல...”

“எதுக்கோ. ஆளு நடக்கவே வழியில்லாத வீட்டுல நாற்காலியைக் கொண்டாந்து போட்டா, நாளைக்கு அதுலயே முட்டிக்கிட்டு விழுவான். அப்ப அதுக்கு ஒரு நாற்காலி வாங்குவியா?”

அவளுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. மென்று முழுங்கினாள். “அந்த டீப்பாய் உங்களுக்கு வேணுமா அண்ணி? எடுத்துக்குங்க” என்றாள். அண்ணி அந்த டீப்பாயின் மேல் ஆசை வைத்து வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கே அது கீழே இறங்கியது. நாற்காலியைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

அந்த வாரம் வேலை முடிந்து வருகிற வழியில் அவள் ஒரு நாற்காலிக் கடைக்குள் நுழைந்தாள். நீளமான கடை. கழுத்தில் அளவுநாடாவைத் தையல்காரர்போலப் போட்டிருந்த கடைக்காரர், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்றதும் நிஜமாகவே எல்லாவற்றையும் காட்டினார். அவள் மனத்தில் பயிற்சியாளர் சொன்னது வரிசையாக நின்றது: கை, கனம், கால். ஆனால் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்துக்குள் அத்தனையும் கலைந்துபோயிற்று. காரணம் ஒரு சாம்பல் நிற நாற்காலி.

மழைக்கு முந்திய வானம்போன்ற சாம்பல். மெல்லிய தோல், கை வைத்தால் வழுக்காமல் ஏந்திக்கொண்டது. முதுகு லேசாக வளைந்து, ஒல்லியான மரக் கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, நடனத்துக்கு நிற்கிற பெண்ணைப்போல நின்றது. அவள் அதில் உட்கார்ந்தாள். கவுண்டரில் நின்று நின்று மரத்துப்போன கால்களைத் தரையிலிருந்து சற்றே தூக்கிப் பார்த்தாள். எழுந்திருக்கவே மனமில்லை.

அவர் கண்ணுக்கு இது தெரியாது. தரையோடும் திரையோடும் கரைந்துவிடும். காலும் தடுக்கும். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். ‘இன்னும் வராத இருட்டுக்கு இப்போதிருந்தே வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா?’ என்று ஒரு கோபம் எழுந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். டீப்பாய் போயிற்று, தரைவிரிப்பு போயிற்று, ஜன்னலோரத் தொட்டிச்செடி போயிற்று. இப்போது நிறமும் போக வேண்டுமா?

“எடுத்து வைக்கட்டுமாம்மா?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுல அவரைக் கூட்டிட்டு வந்து காட்டிடறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கூட்டிப் போவது லேசான காரியமாக இல்லை. மூன்று முறை கேட்டாள், மூன்று சாக்குச் சொன்னார். கடைசியில் அவள், “நீங்க வரலைன்னா நானே ஒண்ணை வாங்கிப் போட்டுடுவேன். அப்புறம் சிம்மாசனம், மூலைன்னு பேசக் கூடாது” என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பியவர், தெருமுனை வரைக்கும் தனியாகத்தான் நடந்தார். நடைபாதையில் யாரோ நிறுத்தியிருந்த மிதிவண்டியில் இடித்துக்கொண்ட பிறகு, ஒன்றும் பேசாமல் அவள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் வெளியிடத்தில் அவளைத் தொட்டு நடந்தவரில்லை. அந்தப் பிடியில் இருந்த பயம் அவள் தோள்வரை ஏறியது.

கடை வாசலில் கையை விட்டுவிட்டார். நிமிர்ந்து, பணிமனைக்குள் நுழைகிற நடையோடு உள்ளே போனார்.

சாம்பல் நாற்காலியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் குனிந்து, தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. உனக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு. தோலும் நல்ல தோலு.”

அப்போது பின்னால் யாரோ மேசை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வர, அவள் இரண்டடி விலகி வழி விட்டாள். அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்குத் துணிக்கூண்டு போட்ட ஒரு நிலைவிளக்கு இருந்தது. அவர் நாற்காலியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்.

“காலு கொஞ்சம் ஒல்லியோ? நீ என்ன சொல்றே? கனம் தாங்குமா?”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் எவ்வளவோ யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

“என்ன, பேச்சையே காணோம்?” என்றவர், பக்கவாட்டில் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்தார். பிடித்தது விளக்கின் கம்பத்தை. கூண்டு ஆடிச் சாயப் போனது. கடைக்காரர் பாய்ந்து தாங்கிக்கொண்டார். இவர் கம்பத்தை விடாமல் முகத்தை மட்டும் திருப்பித் தேடினார். அந்த முகம் அவள் மேல் வந்தது, அவளைக் கடந்து போனது, மறுபடி திரும்பி வந்து நின்றது. இரண்டடித் தூரத்தில் நின்ற பெண்டாட்டியைக் கண்டுபிடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

“பாத்துட்டியா?” என்றார், தாழ்ந்த குரலில். “போதுமா?”

கடைக்காரர் நல்ல மனிதர். விளக்கை நிமிர்த்திவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோலக் கடைக்கோடிக்குப் போய்விட்டார். அவள் கணவரைச் சாம்பல் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எவ்வளவு தெரியுதுங்க? நிஜத்தைச் சொல்லுங்க.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“உன் மூக்கைப் பாத்தா காது தெரியல.”

“எப்பலேருந்து?”

“ஸ்டியரிங்கை வாங்கினாங்களே, அப்பவே அரைகுறை. இப்ப கொஞ்ச நாளா நிறமும் மங்குது. வெளுத்த துணி மாதிரி.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்னைப் பாக்கிற பார்வை மாறிடும். எனக்குத் தெரியறதே இத்தினி. அதுக்குள்ள அதுவும் மாறணுமான்னு விட்டுட்டேன்.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அழுகை வரவில்லை, அழுவதைவிடக் கனமாக ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாளும் அவர் நடித்ததை அவள் தெரிந்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். பாதிகூடத் தெரியவில்லை.

“மாறலைங்க” என்றாள். பிறகு, “மாறினாலும் சொல்லிடறேன். நீங்களும் சொல்லிடுங்க. இந்த ஏமாத்து வேலை இனிமே வேண்டாம்” என்றாள்.

அவர் தலையசைத்தார். பிறகு நாற்காலிக் கையைத் தட்டிப் பார்த்து, “இது எனக்குத் தெரியலம்மா” என்றார். “கிட்ட வந்து நின்னா தெரியுது. நீ கூட்டிட்டு வரும்போது ஏதோ புகைமூட்டம் மாதிரிதான் இருந்துச்சு.”

கடைக்காரரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். “வீட்டுத் தரை கரும்பழுப்புங்க. பின்னாடி அலமாரியும் அப்படித்தான். எந்த நாற்காலி இவருக்குத் தெரியுதோ அதுதான் வேணும்.” கடைக்காரர் அளவுநாடாவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். கடையின் கோடியில், கரும்பழுப்புக் கதவோடு ஓர் அலமாரி நின்றது. அதன் முன்னால் ஒவ்வொரு நாற்காலியாகக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார். இவர் வாசல் பக்கம் நின்றுகொண்டார்.

சிவப்பைப் போட்டார்கள். “கறுப்பா ஏதோ இருக்கு” என்றார். நீலம், “போட்டாச்சா?” என்று கேட்டார். கடையில் இருந்த இன்னொரு குடும்பம் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. பச்சை, ஊஹூம். வெள்ளை தெரிந்தது, ஆனால் சுவரும் வெள்ளை, ஜன்னல் வெளிச்சமும் வெள்ளை, குழம்பும் என்றார். அவர் குரலில் இப்போது ஒளிவுமறைவு இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதில் ஒரு விடுதலை இருக்கும்போலும். நெற்றி வியர்த்திருந்தாலும் முகம் இளகியிருந்தது.

கடைக்காரர் தயங்கினார். “பின்னாடி கிடங்குல ஒண்ணு கிடக்கு. யாரும் வாங்கல. உங்ககிட்ட காட்டவே கூச்சமா இருக்கு.”

தூசி தட்டிக் கொண்டுவந்து போட்டார். மஞ்சள். அப்படி இப்படி மஞ்சள் இல்லை, பார்த்த மாத்திரத்தில் கண்ணைச் சுருக்க வைக்கிற மஞ்சள். குட்டையான, கனமான உடம்பு. உருண்ட கைகள். கால்கள் உள்ளே அடங்கியிருந்தன. சலவைக்கடையில் இப்படி ஒரு துணி வந்தால் அவள் தனியாக ஒதுக்கி வைப்பாள், பக்கத்துத் துணியில் சாயம் ஏறிவிடும் என்று.

“அதோ!” என்றார் அவர்.

யாரும் வழி காட்டாமல், வாசலிலிருந்து நேராக அதை நோக்கி நடந்தார். மேசைகளுக்கு நடுவில், அலமாரிகளுக்கு நடுவில், வளைந்து ஒதுங்கி. கிட்டே போனதும் திரும்பி, காலின் பின்பக்கம் இருக்கையில் படும்வரை பின்வாங்கி, உட்கார்ந்தார். கைகளின் ஓரத்தில் ஓடிய தடித்த தையலை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

“ரோட்டுல வளைவு வருதுன்னு போர்டு வச்சிருப்பானே, அந்த மஞ்சள்” என்றார். “இத்தனை வருஷமா இதைப் பாத்தாத்தான் பிரேக்குல கால் வைப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்த பிறகு அவர் அவளிடம் கேட்டார்:

“நிறம் எப்படி இருக்கு? நிஜத்தைச் சொல்லு.”

“கண்றாவியா இருக்கு.”

“உனக்கு அந்தச் சாம்பல்தானே பிடிச்சிருக்கு?”

“ஆமா.”

“அப்ப அதை எடு.” அவர் குரல் சாதாரணமாக இருந்தது. “யோசிச்சுப் பாரு. நான் பாக்கப்போறது கொஞ்ச நாளு. அப்புறம் எனக்குச் சாம்பலும் ஒண்ணுதான், மஞ்சளும் ஒண்ணுதான். நீதான் காலம் பூரா அதைப் பாத்துக்கிட்டு இருக்கப்போறவ. வீட்டுக்குள்ள வந்ததும் உன் மூஞ்சியில அடிக்கிற மாதிரி இதை எதுக்கு வாங்கணும்? உனக்குப் பிடிச்சதை எடு. நான் தடவித் தடவிப் பழகிக்கறேன்.”

நியாயமான பேச்சுத்தான். அவள் ஒரு கணம் சாம்பலைத் திரும்பிப் பார்த்தாள். அது அதே நளினத்தோடு நின்றுகொண்டிருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்குள் பெருந்தன்மை எதுவும் பொங்கவில்லை, கோபம்தான் வந்தது. முன்பு யார்மேல் என்று தெரியாமல் வந்த அதே கோபம், இப்போது இடம் தெரிந்து வந்தது.

“கொஞ்ச நாள்தானே?” என்றாள், குரல் உயர்ந்ததைக் கவனிக்காமல். “அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான் வாங்கறேன். மிச்ச நாளைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம். எந்திரிங்க, பில் போடச் சொல்லணும்.”

மறுவாரம் வண்டியில் வந்து இறங்கியது. லிப்டில் நுழையவில்லை. இரண்டு ஆட்கள் படிக்கட்டு வழியாகத் தூக்கினார்கள். அவர் மேலே படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டு, பேருந்தைப் பின்னால் எடுக்கச் சொல்கிற தோரணையில், “வா, வா, வா... இடது ஒடி... நிறுத்து... இப்ப நேர் பண்ணு” என்று ஏவிக்கொண்டிருந்தார். அண்ணி கீழே இருந்து, “அய்யோ, கண்ணு கூசுது! அவனுக்குத் தெரியணும்னு வாங்கினீங்களா, ஊருக்கே தெரியணும்னா?” என்று அங்கலாய்த்தாள். தூக்கி வந்தவர்களும் சிரித்தபடி அவர் சொன்னபடியே திருப்பினார்கள். சுவரில் தபால்பெட்டியின் தகர மூலை நீட்டிக்கொண்டிருந்தது அவர் கண் வட்டத்துக்குள் வரவில்லை. ‘வா’ என்று அவர் சொன்ன அடுத்த கணம், சர்ரென்று தோல் கிழிபடும் சத்தம்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

கூடத்தில் அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுவிட்டு ஆட்கள் போன பிறகு, அவர் குனிந்து அதன் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தார். வலது கையின் வெளிப்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதில் அவர் விரல் நின்றது.

“நான் சொன்னதாலதானே?”

‘இல்லீங்க, அவங்கதான் கவனிக்கல’ என்று சொல்வது எவ்வளவு எளிது! சென்ற மாதமாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

“ஆமா” என்றாள். “தபால்பெட்டி மூலை. உங்களுக்குத் தெரியல.”

அவர் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். மில்லிமீட்டர் என்று பேர் வாங்கிய மனிதர். அவள் பக்கத்தில் போய் நின்றாள். கடைசியில் அவர் நிமிர்ந்து, “பிசின் கிசின் வச்சு ஒட்ட முடியுமா பாரு” என்றார். சலவைக்கடையில் தோல்சட்டைக்குப் போடுகிற பசையைக் கொண்டுவந்து மறுநாள் அவளே ஒட்டினாள். நிறம் சரியாகச் சேரவில்லை. ஒரு வரியாகத் தெரிந்தது.

நாற்காலியில் அவர் அதிகம் உட்காரவில்லை என்பதுதான் வேடிக்கை. படுக்கையறையிலிருந்து வெளியே வந்ததும் ஒரு கணம் நிற்பார். மஞ்சளைக் கண்ணில் பிடித்துக்கொள்வார். அதற்கு இடப்பக்கம் சோபா, வலப்பக்கம் ஜன்னல், எதிரே வாசல். பிறகு பேருந்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்புவதுபோல நிதானமாகக் கிளம்புவார். உட்கார்ந்தது பெரும்பாலும் அவள்தான். வேலை முடிந்து வந்ததும் அதில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வாள். “கொஞ்சம் தள்ளிக்க, நீ உக்காந்தா பாதி மஞ்சளை மறைக்கிறே” என்பார். “மறைக்கிறது யாருன்னு தெரிஞ்சா சரி” என்பாள்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள், பணிமனைவரை வர முடியுமா என்று அவளைக் கேட்டார். அவள் முழங்கையைப் பிடித்தபடி வாசலைத் தாண்டியபோது, சட்டையில் எண்ணெய்க் கறையோடு நின்றவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். அவர் மேலாளர் அறைக்குப் போய், “கண்ணு ரொம்பக் குறைஞ்சு போச்சுங்க, ஆனா ஒவ்வொரு தடமும் மனசுல இருக்கு. அந்தத் தொலைபேசி வேலை இன்னும் இருந்தா செய்யறேன்” என்றார். இருந்தது. முதல் மாதம் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “இன்னிக்கு ஒருத்தன், நீங்க ஓட்டுநரா இருந்தவரான்னு கேட்டான். ‘எப்படித் தெரியும்’னேன். ‘பஸ் லேட்டுக்கு நீங்கதான் பரிஞ்சு பேசறீங்க’ங்கறான்” என்று சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாளுக்கு வேண்டிய சட்டையை எடுத்து வைத்தாள்.

கண் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அடுத்த வருஷம் முழுக்க, இருந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஏதாவது குறையும்போதெல்லாம் அவர் சொல்லிவிடுவார்: பத்திரிகை எழுத்து போச்சு, கடிகார முள் போச்சு, உன் மூக்குத்தி மின்னுது, மூக்கு தெரியல. அவளும் தன் பங்கைச் சொல்வாள்: இன்னிக்கு உங்களை நினைச்சுக் கவுண்டர்ல அழுதேன், ஒரு ஆளுக்கு மாத்தி வேற சட்டையைக் கொடுத்துட்டேன். சிரிக்கிறபோது சிரித்தார்கள். சிரிக்க முடியாதபோது சும்மா இருந்தார்கள்.

ஒரு காலையில் அவள் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் படுக்கையறை வாசலில் வந்து வழக்கம்போல நின்றார். ஒரு கணம் அல்ல, வெகுநேரம் நின்றார். தலையை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். அவளுக்குக் கை நின்றுவிட்டது. ஊசி துணியில் குத்தியபடியே நின்றது.

“விளக்கு போட்டிருக்கா?” என்று கேட்டார்.

“போட்டிருக்கு.”

“திரை?”

“திறந்துதான் இருக்கு. நல்ல வெயில்.”

“சரி” என்றார். கொஞ்சம் பொறுத்து, “தெரியலம்மா” என்றார்.

அவள் எழுந்து போய் அவர் எதிரில் நின்றாள். அவர் கையை நீட்டினார். இந்த முறை அவள் நகராமல் இருந்தாள். விரல்கள் அவள் தோளைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, காதுக்கு வந்து நின்றன. கீழே அண்ணி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பேருந்து கியர் மாற்றி ஏறிப்போனது. அவர் அதைக் கேட்டு, “இரண்டாவதுலயே வச்சு இழுக்கறான், மடையன்” என்றார்.

“வேலைக்குப் போகணுமா இன்னிக்கு?” என்று கேட்டாள்.

“போகணும். எட்டு மணிக்கு மேல போன் விடாம அடிக்கும்.”

அவள் அவர் கையைத் தன் முழங்கைக்கு மேல் வைத்துக்கொண்டு, குளியலறைப் பக்கம் நடந்தாள். சட்டையில் ஒரு பொத்தான் பாக்கி இருந்தது. அவர் குளித்து வருவதற்குள் தைத்து முடித்துவிடலாம்.